பூஜ்யம் ஒன்பதானது எப்படி?

மாலை நேரத்து வழக்கு

மயிலாப்பூரின் மாட வீதிகளிலும் தியாகராய நகரின் உட்தெருக்களிலும் அடையாற்றின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், விளக்கு வைத்துச் சற்று நேரம் கழிந்தபின், கணக்கு நோட்டை நடுவில் விரித்துக்கொண்டு குழந்தையும் தாயும் தகப்பனாரும், கொடுத்துவைத்த சில இல்லங்களில் பாட்டனாரும், கூடி உட்கார்ந்து நடத்துகிற வழக்கு ஒன்று உண்டு. வழக்கின் விஷயம் பெரும்பாலும் கழித்தல். 503-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். தகப்பனார் தாம் கற்ற முறைப்படி, மூன்றில் எட்டுப் போகாது, ஆகவே பக்கத்தில் கடன் வாங்கு, பக்கத்தில் பூஜ்யம் இருப்பதால் அதற்கும் அப்பால் போய் ஐந்தினிடம் வாங்கு, ஐந்து நான்காகும், பூஜ்யம் ஒன்பதாகும், மூன்று பதின்மூன்றாகும் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போகிறார்.

குழந்தை பென்சிலை நிறுத்திவிடுகிறது. "அப்பா, கடன் வாங்கினா பூஜ்யம் பத்துதானே ஆகணும்? ஏன் ஒன்பதாச்சு?"

"அது அப்படித்தான். நீ எழுது."

"மிஸ் கடன்னு சொல்லவே இல்லை. இனமாற்றம்னு சொன்னாங்க. படம் போட்டுக் காட்டச் சொன்னாங்க."

"படமாவது பாட்டாவது! பதினாறாம் வாய்பாடு தெரியுமா கேளு அவனை" என்று ஊஞ்சலிலிருந்து பாட்டனாரின் குரல் வருகிறது.

இந்த வழக்கில் எந்தக் கட்சியையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பேரனைவிடப் பல மடங்கு வேகமாக மனக்கணக்குப் போடுகிறவர் பாட்டனார், அது கண்கூடு. தகப்பனாரின் சூத்திரம் பிழையற்ற விடையைத் தருகிறது, அதுவும் கண்கூடு. ஆனால் அவ்விருவராலும் விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்றைக் குழந்தை கேட்டுவிட்டது. பழைய முறை உயர்ந்ததா, புதிய முறை உயர்ந்ததா என்று பத்திரிகைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் ஓயாது நடக்கும் தர்க்கத்தில் இறங்குவதற்கு முன்பாக, அக்கேள்விக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம்.

ஐந்து நோட்டுகளும் மூன்று நாணயங்களும்

மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் காய்கறி வாங்கிய ஓர் அம்மையார் 178 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பர்ஸில் ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களும் இருக்கின்றன. பத்து ரூபாய் நோட்டு ஒன்றுகூட இல்லை. 503 என்று எழுதும்போது நடுவில் வந்து நிற்கும் பூஜ்யம் தெரிவிக்கும் சமாசாரம் இவ்வளவே: பத்துகள் தனியாக இல்லை. ஒரே இலக்கம் தான் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒன்றாகவோ பத்தாகவோ நூறாகவோ பெறுமானம் கொள்கிற இந்த ஏற்பாட்டை இடமதிப்பு என்பர்.

கடைக்காரர், சென்னைக் கடைக்காரர்களின் சம்பிரதாயப்படி, சரியான சில்லறைதான் வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறார். ஒரு நூறு ரூபாய் நோட்டும் ஏழு பத்து ரூபாய் நோட்டுகளும் எட்டு ஒற்றை ரூபாய்களும் தர வேண்டும். ஒற்றை ரூபாய் மூன்றுதான் இருப்பதால் ஒரு பத்து ரூபாயை மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்குப் பத்து ரூபாய் இல்லாமையால், அதற்கு முன்னதாக ஒரு நூறு ரூபாய் நோட்டை மாற்றியாக வேண்டும். அம்மையார் பக்கத்துக் கடையில் ஒரு நூறைக் கொடுத்துப் பத்துப் பத்து ரூபாய் நோட்டுகள் வாங்கிக்கொள்கிறார். இந்தக் கணத்தில் பர்ஸில் இருப்பவை நான்கு நூறுகள், பத்துப் பத்துகள், மூன்று ஒன்றுகள். அதாவது பூஜ்யம் பத்தாகிவிட்டது. குழந்தை எதிர்பார்த்தது இதைத்தான். அது எதிர்பார்த்ததில் தவறு ஏதுமில்லை.

ஆனால் காரியம் இன்னும் முடியவில்லை. வந்த பத்து நோட்டுகளில் ஒன்றை மறுபடியும் மாற்றிப் பத்து ஒற்றை ரூபாய்களாக ஆக்கிக்கொள்ள வேண்டும். இப்போது நூறுகள் நான்கு, பத்துகள் ஒன்பது, ஒன்றுகள் பதின்மூன்று. கூட்டிப் பார்த்தால் 400-உம் 90-உம் 13-உம் சேர்ந்து அதே 503. பர்ஸிலிருந்து ஒரு பைசாவும் குறையவில்லை, நோட்டுகளின் இனம் மட்டுமே மாறியிருக்கிறது. இனமாற்றம் என்று தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்வது இதையே. இனிக் கொடுப்பது எளிது. பதின்மூன்றில் எட்டுப் போக ஐந்து, ஒன்பதில் ஏழு போக இரண்டு, நான்கில் ஒன்று போக மூன்று, மிச்சம் 325.

ஆகவே பூஜ்யம் ஒரே பாய்ச்சலில் ஒன்பதாகிவிடவில்லை. முதலில் பத்தாகி, அந்தப் பத்தில் ஒன்றை வலப்புறத்துக்குக் கொடுத்த பிறகே ஒன்பதாயிற்று. தகப்பனாரின் சூத்திரம் இந்த இரண்டு படிகளையும் ஒன்றாக மடித்து, நடுவிலிருந்த பத்தை மறைத்துவிட்டது. வேகம் வேண்டியவர்க்கு அப்படி மடிப்பது பெரிய சௌகரியம். மடிக்கப்பட்டது என்னவென்று ஒரு தரமாவது விரித்துப் பார்க்காத குழந்தைக்கோ, அது மந்திரமாகத்தான் இருக்க முடியும்.

கடைக்காரரிடம் 503 ரூபாயையும் அப்படியே நீட்டியிருந்தால் அவர் இவ்வளவு சிரமமே பட்டிருக்க மாட்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். 178-க்கு இரண்டு போட்டால் 180, இருபது போட்டால் 200, அப்புறம் 303 என்று மேல்நோக்கி எண்ணிக்கொண்டே போய் 325-ஐக் கையில் வைத்துவிடுவார். அவர் கழிக்கவே இல்லை, கூட்டினார். விடை மட்டும் அதேதான்.

பிழையிலும் ஓர் ஒழுங்கு

மந்திரமாகக் கற்றவர்கள் மந்திரத்தில் ஒரு சொல்லை மறந்தால் என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்பது சுவாரசியமானது. இதே கணக்கைப் பல குழந்தைகளிடம் கொடுத்தால் 475 என்று ஒரு விடை வரும். 425 என்று இன்னொன்று வரும். கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவது பள்ளி வழக்கம். ஆனால் 1978-இல் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், குழந்தைகளின் கழித்தல் பிழைகளைக் கணிப்பொறியின் துணையால் ஆராய்ந்து, அவற்றில் பல தற்செயலானவை அல்லவென்றும், குழந்தை தன் மனத்தில் கொண்டிருக்கும் தவறான விதி ஒன்றை ஒழுங்கு தவறாமல் அனுசரிப்பதால் விளைபவை என்றும் எடுத்துக்காட்டினர்.

475 என்று எழுதிய குழந்தையின் விதி: எந்த வரிசையிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி. எட்டில் மூன்று போக ஐந்து. ஏழில் பூஜ்யம் போக ஏழு. ஐந்தில் ஒன்று போக நான்கு. மேலே எது, கீழே எது என்ற பேதம் அதற்கு இல்லை. 425 என்று எழுதிய குழந்தையோ தகப்பனாரின் மந்திரத்தில் பெரும்பகுதியைச் சரியாகவே ஒப்பித்தது. பூஜ்யத்தை ஒன்பதாக்கிற்று, மூன்றைப் பதின்மூன்றாக்கிற்று. ஐந்தை நான்காக்க மட்டும் மறந்துவிட்டது. ஒரு நோட்டையும் கொடுக்காமலே நூறு ரூபாய்க்குச் சில்லறை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். விடை சரியாக நூறு அதிகமாக வந்திருப்பதன் காரணம் அதுவே. நோட்டுகளைக் கையால் மாற்றிப் பழகிய குழந்தை இப்பிழையைச் செய்வது அபூர்வம், ஏனெனில் சும்மா யாரும் சில்லறை தரமாட்டார்கள் என்பது ஏழு வயதிலேயே தெரிந்துவிடும்.

திண்ணையில் இருந்தது என்ன?

பாட்டனார் பழைய முறை என்று எதைச் சொல்கிறார்? பெரும்பாலும் அவர் சொல்வது, தாம் படித்த பள்ளியில் பிரம்பு தாங்கிய உபாத்தியாயர் முன்னிலையில் ஒப்பித்த வாய்பாட்டை. ஆனால் அதற்கும் முந்திய பழமை ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம் என்று பெயர் பெற்ற அந்தக் கல்விச்சாலையில், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலைக்கு வந்து, எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலை வருஷக்கணக்கில் உரக்கச் சொல்லி உருப்போட்டார்கள். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள். நம் காலத்தார் இதைக் கேட்டவுடன், அர்த்தமற்ற நெட்டுருவுக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா என்று முகம் சுளிப்பர்.

அவசரப்பட வேண்டாம். அவர்கள் நெட்டுருப் போட்டது எதை என்று பார்த்தால் அபிப்பிராயம் மாறக்கூடும். பொன்னிலக்கம் என்ற பகுதியில் முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கு முதலாக, காணி, மா, மாகாணி, அரைக்கால், கால், அரை, முக்கால் என்று பின்னங்கள் ஏறிக்கொண்டே போகும். காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று. இக்காலத்தில் பின்னம் என்றால் மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணுமாய் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கலங்கவைக்கும் சித்திரம். அந்தப் பிள்ளைக்கோ ஒவ்வொரு பின்னமும் சொந்தப் பெயரோடு வந்தது. நெல்லிலக்கம் என்ற பகுதியில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று முகத்தல் அளவைகள் வரும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். குழிமாத்து என்ற பகுதி நிலத்தின் பரப்பைக் கணக்கிடப் பயன்பட்டது.

இவற்றில் ஒன்றும் பிள்ளையின் வீட்டுக்கு அந்நியமன்று. அவன் வாயால் சொன்ன நாழி, சமையற்கட்டில் அவன் தாய் அரிசி அளந்த நாழி. அவன் சொன்ன மா, அவன் தகப்பன் உழுத நிலத்தின் மா. எட்டு நாழி ஒரு குறுணி என்பது வாயில் ஏறுவதற்கு முன்பாகவே கண்ணில் ஏறியிருந்தது. ஆகையால் திண்ணைப் பள்ளியின் மனப்பாடம் குருட்டு மனப்பாடம் என்று முழுவதுமாகச் சொல்லிவிடுவது நியாயமன்று; அதன் பொருள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் தயாராக இருந்தது. உபாத்தியாயர் விளக்கவில்லை என்றால், விளக்க வேண்டிய தேவை அவருக்கு அதிகம் இருக்கவில்லை.

இதைச் சொல்லும்போதே, அந்தத் திண்ணையில் எல்லோரும் ஏற முடிந்ததில்லை என்பதையும், பெண் குழந்தைகளும் தாழ்த்தப்பட்ட சாதியாரின் குழந்தைகளும் பெரும்பாலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. திண்ணையின் புகழைப் பாடுவோர் இந்த இடத்தில் சற்றே இருமிவிட்டு அப்பால் போய்விடுவது வழக்கம்.

அந்த உலகம் படிப்படியாக மறைந்தது. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி வரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா. மாகாணி ரூபாய் என்றால் ஓர் அணா என்று பாட்டிமார் நொடியில் சொன்னார்கள். அன்றைக்கு நூறு நயா பைசா வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோகிராமும் லிட்டரும் மீட்டரும் வந்தன. பதினாறாம் வாய்பாட்டை அவ்வளவு அருமையாக வைத்திருந்த காரணம் பதினாறு அணாவோடு போயிற்று. வாய்பாடு மட்டும் கௌரவப் பொருளாக நின்றது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1789-இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதை விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியில் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனையே மற்றப் பையன்களுக்குக் கற்பிக்க ஏவினார்; காரியம் பலித்தது. தாயகம் திரும்பி 1797-இல் அவர் வெளியிட்ட பிரசுரத்தின் விளைவாக, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாடு 'மதராஸ் முறை' என்ற பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் அவருடைய கொடையால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றே பெயர்.

ஆனால் பெல் கொண்டுபோனது மணலையும் சட்டாம்பிள்ளையையுமே. நாழியும் குறுணியும் இங்கேயே தங்கிவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் தொகையைப் பார்த்து மானியம் அளிக்கும் ஏற்பாடு சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் அமலுக்கு வந்தபோது, ஒப்பித்தல் மிஞ்சி, ஒப்பித்ததற்குப் பொருளாக வெளியே இருந்த உலகம் கழன்றுபோயிற்று. நம் தகப்பனாரின் கடன் வாங்கும் சூத்திரம் அந்தப் பள்ளியின் வாரிசு. பழமைக்கும் புதுமைக்கும் சண்டை என்று நாம் நினைப்பது, உண்மையில் இந்த நடுக்காலத்துப் பள்ளிக்கும் புதுமைக்கும் நடக்கும் சண்டையே.

அடையாற்றுத் தங்க மணிகள்

புதிய முறை என்று பெற்றோர் இன்று அஞ்சுவதும் அவ்வளவு புதியதன்று. சென்னையில் அதற்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1939-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அறுபத்தொன்பது வயதான இத்தாலிய மாது ஒருவர், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவியார் ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். மருத்துவம் பயின்று கல்விக்கு வந்த அவர் பெயர் மரியா மாண்டிசோரி. ஆற்றங்கரைத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் ஆசிரியப் பயிற்சிக்குக் கூடினர்.

சில மாதங்களே தங்க வந்தவரை யுத்தம் பிடித்து நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அவருடைய மகன் மாரியோ எதிரி நாட்டுப் பிரஜை என்று காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரோ சபையின் தோட்டத்தை விட்டு வெளியேறலாகாது என்று தடை. ஆகஸ்டு 31-இல் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மாரியோவை விடுவித்து அனுப்பினார்கள். பின்னர்க் கோடைக்கானலிலும் பிற ஊர்களிலும் பயிற்சிகள் நடத்தி, 1946 வரை அவர் இந்நாட்டிலேயே இருந்தார். அடுத்த ஆண்டே மறுபடியும் வந்தார்.

அவர் முறையில் நம் விஷயத்துக்கு வேண்டியது தங்க மணிகள். ஒற்றை மணி ஒன்று. பத்து மணிகளைக் கம்பியில் கோத்த சரம் பத்து. பத்துச் சரங்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கிய கனம் ஆயிரம். ஆயிரத்தைத் தூக்கினால் கை கனக்கும். ஒன்றை வைத்தால் உள்ளங்கையில் இருப்பதே தெரியாது. ரூபாய் நோட்டில் இல்லாத விசேஷம் இது: நூறு ரூபாய் நோட்டு பத்து ரூபாய் நோட்டைவிடப் பத்து மடங்கு பெரியதன்று, அச்சடித்ததை நம்புகிறோம், மணிச் சதுரமோ தன் பெறுமானத்தைத் தன் உடம்பிலேயே காட்டுகிறது.

ஐந்து சதுரங்களும் மூன்று மணிகளும் தட்டில் வைத்துக்கொண்டிருக்கும் குழந்தை, 178-ஐ எடுத்துக் கொடுக்க முயன்று, மணிகள் போதாமல், ஒரு சதுரத்தைத் தூக்கிக்கொண்டு, வங்கியாக அமர்ந்திருக்கும் இன்னொரு குழந்தையிடம் போய்ப் பத்துச் சரம் வாங்கி வந்து, அதில் ஒரு சரத்தைத் திரும்பவும் கொண்டுபோய்ப் பத்து மணியாக மாற்றி வரும்போது, தட்டில் ஒன்பது சரங்கள் கிடக்கின்றன. பூஜ்யம் ஏன் ஒன்பதாயிற்று என்று அக்குழந்தை கேட்பதில்லை. இரண்டு தடவை நடந்த கால்களுக்கு விடை தெரியும். இந்த நடையைப் பல நாள் நடந்தபின், ஒரு நாள் மணிகளை விட்டுவிட்டுத் தாளிலேயே எழுதத் தொடங்கும். மணிகள் ஒரு கட்டத்தில் விலகிக்கொள்வதற்காகவே வருகின்றன என்பதை நம் பள்ளிகள் பல மறந்துவிட்டன. நான்காம் வகுப்பிலும் படம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டு பாட்டனார் கோபிப்பதில் நியாயம் உண்டு.

நடப்பு ஞாபகமும் வைப்பு ஞாபகமும்

பாட்டனாரின் கட்சியில் உள்ள மெய்ம்மையை விஞ்ஞானம் மறுக்கவில்லை. நாம் ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கையில் அப்போதைக்கு மனத்தில் நிறுத்தி வைக்கும் ஆற்றலை நடப்பு ஞாபகம் என்றும், நெடுநாளைக்குச் சேமித்து வைத்திருப்பதை வைப்பு ஞாபகம் என்றும் இந்நூலில் அழைப்போம். நடப்பு ஞாபகம் மிகச் சிறியது. அதில் ஏறக்குறைய ஏழு பொருள்கள் அடங்கும் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். சரியாக அளந்தால் நான்குக்கு மேல் தேறாது என்று 2001-இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்தார்.

இந்தக் குறுகிய இடத்தில்தான் 503-உம் 178-உம், எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதும், என்ன மாற்றினோம் என்பதும் அடங்க வேண்டும். அந்த நேரத்தில் பதின்மூன்றில் எட்டுப் போக எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிப்பதற்குள் மற்றவை வழிந்துபோய்விடும். ஐந்து என்று வைப்பு ஞாபகத்திலிருந்து தானாகவே வந்து விழுந்தால் இடம் மிச்சப்படுகிறது. நீண்ட பெருக்கல், பின்னம், இயற்கணிதம் என்று மேலே போகப் போக இந்த மிச்சம் உயிர்நாடியாகிறது. வாய்பாட்டை மனப்பாடம் செய்வது குழந்தையின் சிந்தனையைக் கொல்லும் என்று சொல்வோர், சிந்திக்க இடம் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. வேடிக்கையாக இருந்தால் என்ன, பாட்டாகச் சொன்னால் என்ன, பத்தாம் வாய்பாடு வரையில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும் என்பதே என் துணிபு. பதினாறுக்கு நான் வற்புறுத்தமாட்டேன்.

மயிலாப்பூரில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள் சிலர், நாள் முழுவதும் இங்கிலீஷிலேயே பேசுவார்கள்; பணம் எண்ணும்போது மட்டும் உதடு தமிழில் அசையும். இதற்கும் காரணம் உண்டு. 2001-இல் எலிசபெத் ஸ்பெல்கியும் சன்னா சிவ்கினும் ருஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களை வைத்து நடத்திய சோதனையில், துல்லியமான கணக்கை எந்த மொழியில் பயின்றார்களோ அந்த மொழியிலேயே விரைந்து விடை வந்தது. சுமார் இவ்வளவு என்று மதிப்பிடுவதற்கு மட்டும் மொழி பேதம் இருக்கவில்லை. வாய்பாடு என்பது பெயருக்கேற்ப வாயில்தான் வாழ்கிறது போலும். வீட்டில் தமிழிலும் பள்ளியில் இங்கிலீஷிலும் மாறி மாறி வாய்பாடு சொல்லும் நம் குழந்தைகளிடம், ஏதேனும் ஒரு மொழியிலாவது அது கெட்டிப்பட விடுவது நல்லது.

சந்தையும் வகுப்பும்

அப்படியானால் கணக்கைச் சந்தையிலேயே கற்கவிட்டால் போதாதா? பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரத்தில், தெருவில் தேங்காய் முதலியன விற்கும் ஐந்து சிறுவர் சிறுமியரிடம் மூன்று ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர் போலப் பேரம் பேசிக் கணக்குக் கேட்டதை 1985-இல் பிரசுரித்தனர். கடையில் கேட்ட கேள்விகளுக்கு நூற்றுக்கு 98 சரியான விடை. அதே கணக்கை வெறும் எண்களாக்கித் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37. நம் நாட்டிலேயே, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளை ஆராய்ந்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, முன்சொன்ன ஸ்பெல்கி முதலானோர் 2025-இல் வெளியிட்ட கட்டுரை இதை உறுதி செய்ததோடு மறுபக்கத்தையும் காட்டியது: பள்ளியில் மட்டும் படிக்கும் குழந்தைகள் தாளில் போட்ட கணக்கைச் சந்தையில் போடத் திணறினர். ஒரு கரையில் கற்றது தானாக மறு கரைக்கு நீந்திப் போவதில்லை. திண்ணைப் பள்ளியில் ஒரே பிள்ளை இரண்டு கரையிலும் தினந்தோறும் நடமாடினான். நம் குழந்தைகளுக்கு அந்த நடமாட்டத்தை யாராவது ஏற்பாடு செய்துதர வேண்டியிருக்கிறது. தொலைபேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் இக்காலத்தில், மீதிச் சில்லறை வாங்கும் பாக்கியமும் அவர்களுக்குக் குறைந்துவருகிறது.

முறையா, ஆசிரியரா?

கழித்தலுக்கு நாம் கண்டவை தவிர வேறொரு பழைய வழியும் மேல்நாடுகளில் உண்டு. மேலே உள்ள மூன்றைப் பதின்மூன்றாக்கிக்கொண்டு, அதற்கு ஈடாகக் கீழே உள்ள ஏழை எட்டாக்குவார்கள். இரண்டு பக்கமும் பத்துக் கூடியதால் வித்தியாசம் மாறாது. பூஜ்யம் ஒன்பதாகும் தொல்லையே இதில் இல்லை. இந்த வழி, இனமாற்ற முறை ஆகிய இரண்டில் எது சிறந்தது என்று அறிய, வில்லியம் பிரௌனெல், ஹரால்டு மோசர் என்ற அமெரிக்கர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடத்திய பெரிய ஆராய்ச்சி 1949-இல் வெளிவந்தது. ஒவ்வொரு முறையையும் சில வகுப்புகளில் இயந்திரம் போலவும், சில வகுப்புகளில் காரணத்தோடும் கற்பித்தனர். காரணம் சொல்லாமல் கற்பித்த வகுப்புகளில் இனமாற்ற முறைக்கு எந்த மேன்மையும் இல்லை. காரணத்தோடு கற்பித்த இடங்களில் அது தெளிவாக முந்தியது. சொல்லித்தராத புதிய கணக்குகளையும் அக்குழந்தைகள் கூடுதலாகப் போட்டார்கள்.

சென்னை இதைத் தன் அனுபவத்திலும் கண்டிருக்கிறது. 2003-இல் மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முயற்சியால், ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைகளை முன்மாதிரியாகக் கொண்டு, மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. குழந்தைகள் பாய்களில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, தத்தம் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறினார்கள்; குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. சில ஆண்டுகளில் அது மாநிலமெங்கும் பரவியது. ஆசிரியர் உடன் அமர்ந்த இடத்தில் ஏணி உயர்த்தியது. அட்டையைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிய இடத்தில் அட்டையும் இன்னொரு மந்திரமாயிற்று. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் சோதனை அதுவேதான்.

தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தின் ரா. இராமானுஜம் தலைமையில் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கூடிய குழு, குழந்தைக்கு எண்ணும் அளவும் தெரிவது குறுகிய நோக்கம் என்றும், அதன் சிந்தனையே கணிதமயமாவது உயர்ந்த நோக்கம் என்றும் பிரித்துச் சொன்னது. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியராயிருந்த பி. கே. சீனிவாசன், தாள் மடிப்பாலும் குழந்தைகளே நடத்திய கண்காட்சிகளாலும் அதை முன்னமே செய்து காட்டினார். இரண்டு நோக்கமும் வேண்டும். ஆனால் வரிசை உண்டு. முதலில் கையும் கண்ணும், அப்புறம் காரணம், அதற்கப்புறம் சலிக்காத மனப்பாடம். தியாகராய நகரில் தெருவுக்குத் தெரு நடக்கும் அபாகஸ் வகுப்புகளை நான் வெறுக்கவில்லை. அவை வேகத்தைத் தரும், வேகத்தை மட்டுமே தரும் என்பதை அறிந்து கட்டணம் செலுத்துவது நல்லது.

பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோர், இங்கே எந்த முறை, மாண்டிசோரியா மற்றொன்றா என்று விசாரிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். குழந்தை தப்பான விடை எழுதினால் என்ன செய்வீர்கள் என்று கணக்கு ஆசிரியரைக் கேளுங்கள். திருத்திக் கொடுப்போம் என்பவரைவிட, எப்படிப் போட்டாய் என்று குழந்தையைக் கேட்போம் என்பவரிடம் உங்கள் பிள்ளையை விடுங்கள்.